வரிக்கு எவ்வளவு தெரிந்தால் போதும்?

வாசகர் கேள்வி – பதில்

இணையத்தில் உழைக்கும் காசு, இணையத்தில் செலவாகும் காசு, அந்தக் காசோடு சேர்ந்து கைமாறும் நம் விபரங்கள் ஆகியவை பற்றி கொழும்பு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குத் தொழில்நுட்பக் கொள்கை ஆய்வாளர்கள் பதில் தருகிறார்கள்.

கேள்வி: வீட்டிலிருந்தே அவுஸ்திரேலியா, கனடா நிறுவனங்களுக்கு வரைகலை வேலை செய்து கொடுக்கிறேன். மாதம் ஏறக்குறைய 3 லட்சம் ரூபாய் வரும். டொலர் கொண்டுவருபவர்களுக்கு வரி இல்லை என்று சொன்னார்கள். இப்போது இருக்கிறது என்கிறார்கள். எதை நம்புவது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: சொன்ன இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. வெளிநாட்டிலுள்ளவர்களுக்குச் சேவை செய்து, அந்தக் காசை வெளிநாட்டு நாணயமாக வங்கி மூலம் நாட்டுக்குக் கொண்டுவந்தவர்களுக்கு 2025 மார்ச் 31 வரை விலக்கு இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அந்த விலக்கு இல்லை. அதற்குப் பதிலாக இவ்வருமானத்துக்கு ஓர் உச்ச வீதம் வைத்திருக்கிறார்கள்: 15%.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். வருடத்துக்கு 36 லட்சம். அதில் தனிநபர் வரி நிவாரணம் 18 லட்சம் கழிகிறது. மிச்சம் 18 லட்சம். முதல் 10 லட்சத்துக்கு 6%, அதாவது 60,000 ரூபாய். அடுத்த 8 லட்சத்துக்கு 15%, அதாவது 120,000. மொத்தம் 180,000 ரூபாய். இதே 36 லட்சத்தை நீங்கள் கொழும்பு வாடிக்கையாளர்களிடம் உழைத்திருந்தால், 10 லட்சத்துக்குப் பிறகு முதல் 5 லட்சத்துக்கு 18%, அடுத்த 3 லட்சத்துக்கு 24% என்று போய் மொத்தம் 222,000 ரூபாய் வந்திருக்கும். வித்தியாசம் 42,000. வருமானம் கூடக்கூட இந்த இடைவெளியும் கூடும், ஏனென்றால் சாதாரண வீதம் 36% வரை ஏறுகிறது.

இது செலவு கழிக்காத கணக்கு. வேலைக்கு வாங்கிய கணினியின் விலையை ஒரே வருடத்தில் கழிக்க முடியாது. ஐந்து வருடங்களுக்குச் சமமாகப் பிரித்துக் கழிக்கலாம். 3 லட்சம் ரூபாய் கணினி என்றால் வருடம் 60,000. இணையக் கட்டணத்தில் வேலைக்குப் போகும் பங்கையும் கழிக்கலாம். வீட்டில் பிள்ளைகள் பார்க்கும் பங்கைக் கழிக்க முடியாது.

இதில் பிழைக்கிற இடங்கள் மூன்று. முதலாவது, காசு வந்த வழி. குறைந்த வீதம் கிடைப்பதே வெளிநாட்டு நாணயம் வங்கி வழியாக வந்ததற்காகத்தான். கிரிப்டோவாக வாங்கி இங்கே யாரிடமாவது ரூபாய்க்கு மாற்றினாலோ, மச்சானின் கணக்குக்கு அனுப்பச் சொன்னாலோ அந்தச் சான்று உங்கள் கையில் இருக்காது. வெளிநாட்டுக் காசை வாங்கித் தரும் பேயோனியர் போன்ற தளங்களில் இருந்து எடுக்கும்போது காசு சிலவேளை ரூபாயாகவே கணக்கில் விழும். அப்படி விழுந்தால், எந்த நாணயத்தில், எவ்வளவு, எந்தத் திகதியில் வந்தது என்பதைக் காட்டும் கடிதத்தை வங்கியிடம் கேட்டு வாங்குங்கள். அப்போதைக்கப்போது கேட்டால் ஒரு நாள் வேலை. இரண்டு வருடம் கழித்துக் கேட்டால் அலைச்சல்தான்.

இரண்டாவது, 18 லட்சம் நிவாரணத்தை இரண்டு முறை எடுப்பது. பகலில் ஒரு கம்பனியில் சம்பளத்துக்கும் இரவில் வெளிநாட்டு வேலைக்கும் இருப்பவர்கள் இந்தப் பிழையை அடிக்கடி விடுகிறார்கள். கம்பனி மாதம் 150,000 ரூபாயைக் கழித்துவிட்டுத்தான் வரி பிடிக்கிறது. 18 லட்சமும் அங்கேயே போய்விட்டது.

மூன்றாவது, திகதிகள். சம்பளக்காரருக்கு வரி தானாகப் பிடிபடுகிறது. உங்களுக்கு அப்படி யாரும் பிடிப்பதில்லை. வரிமதிப்பாண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. தவணைகள் ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. உங்கள் கணக்குக்குத் தவணைக்கு 45,000 ரூபாய். மிச்சம் இருந்தால் செப்டெம்பர் 30க்குள் கட்ட வேண்டும். வருடத்தின் வருமானத்தையும் வரியையும் காட்டும் விபரத்திரட்டை நவம்பர் 30க்குள் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் இப்போதே செய்துவிடுங்கள்: வேலைக் காசுக்கென்று தனி வங்கிக் கணக்கு. உள்நாட்டு இறைவரித் திணைக்களம் விளக்கம் கேட்டால் வங்கிக் கூற்றைக் கொடுக்க வேண்டி வரும். ஒரே கணக்கில் எல்லாம் கலந்திருந்தால், அம்மாவின் வைத்தியச் செலவு, சீட்டுக் காசு, தங்கைக்கு அனுப்பியது எல்லாம் அதோடு சேர்ந்து போகும். தனிக் கணக்கு இருந்தால் வரிக்குத் தேவையானது மட்டும் போகும். அந்தரங்கத்துக்கு இதைவிட மலிவான பாதுகாப்பு கிடையாது.

கேள்வி: டின் இலக்கம் எடுக்க எங்கள் பக்கத்துத் தொடர்பாடல் நிலையத்தில் காசு வாங்கிக்கொண்டு எல்லாம் செய்து தருகிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: டின் எனப்படும் வரி செலுத்துநர் அடையாள இலக்கத்துக்கு உள்நாட்டு இறைவரித் திணைக்களம் காசு வாங்குவதில்லை. திணைக்களத்தின் இணையத்தளத்தில் நீங்களே பதியலாம். இணையம் வசதிப்படாதவர்கள் கொழும்பு 2, சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையில் உள்ள தலைமையகத்துக்கு நேரில் போகலாம். சந்தேகம் என்றால் 1944க்கு அழைக்கலாம்.

உதவி கேட்பது பிழையல்ல. ஆனால் பதியும்போது கேட்கப்படும் மின்னஞ்சலும் தொலைபேசி இலக்கமும் உங்களுடையவையாக இருக்க வேண்டும். கடைக்காரர் அவசரத்துக்குத் தன் மின்னஞ்சலைப் போட்டுவிட்டால், பிறகு கடவுச்சொல்லை மாற்றும் வழி அவருக்கே போகும். உங்கள் வருமானம் அவர் திறந்து பார்க்கக்கூடிய பெட்டியில் கிடக்கும். வேலை முடிந்ததும் அந்தக் கணினியில் சேமித்த அடையாள அட்டைப் படத்தை உங்கள் கண் முன்னாலேயே அழிக்கச் சொல்லுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அங்கேயும் அழிக்க வேண்டும்.

டின் எடுத்தாலே வரி கட்ட வேண்டும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. 2024 முதல் 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் பதிய வேண்டும் என்று விதித்தது பதிவுக்கு மட்டும்தான். வருடம் 18 லட்சத்துக்குக் கீழே உழைப்பவருக்கு டின் இருந்தாலும் வருமான வரி வராது.

கேள்வி: நெட்ஃபிளிக்ஸ், மேகச் சேமிப்பு, பேஸ்புக் விளம்பரம் எல்லாவற்றுக்கும் 18% வரி வருகிறது என்கிறார்கள். வெளிநாட்டுக் கம்பனிக்கு நான் கொழும்பில் இருக்கிறேன் என்பது எப்படித் தெரியும்? விபிஎன் போட்டால் தப்பலாமா?
– வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: சட்டம் முதலில். 2025ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கப் பெறுமதி சேர் வரித் திருத்தச் சட்டம், இலங்கையில் அலுவலகம் இல்லாத நிறுவனங்கள் இங்குள்ளவர்களுக்கு இணையம் வழியே விற்கும் சேவைகளை வற் வரிக்குள் கொண்டுவந்தது. 2025 ஒக்டோபர் 1 என்று முதலில் குறித்த நாள் 2026 ஏப்ரல் 1க்குத் தள்ளப்பட்டது. நீங்கள் கட்டும் சேவை வரி பிடிக்கிறதா என்பதை அதன் மாதாந்தப் பற்றுச்சீட்டில் பாருங்கள், வற் என்று தனியாகக் காட்டியிருப்பார்கள். 10 டொலர் சந்தா 11.80 ஆகும்.

இது அந்தக் கம்பனியின் இலாபத்தின் மீதான வரி அல்ல. கட்டுவது நாம், கம்பனி பிடித்துக் கொடுக்கிறது. ‘பெரிய கம்பனிகளிடம் வரி வாங்கிவிட்டோம்’ என்று மேடையில் பேசுபவர்கள் இரண்டையும் குழப்புகிறார்கள். ஆனாலும் இந்த வரியில் ஒரு நியாயம் இருக்கிறது. மருதானையில் மென்பொருள் செய்து விற்கும் உள்ளூர்க் கம்பனி வற் பதிவில் இருந்தால் 18% சேர்த்துத்தான் விற்க வேண்டும். அதே பொருளை வெளிநாட்டுக் கம்பனி வரியில்லாமல் விற்றால் உள்ளூர்க்காரர் எப்படி நின்று பிடிப்பது? பாதிக்கப்படப் போவது பேஸ்புக்கில் விளம்பரம் போட்டுச் சேலை விற்கும் சிறு வியாபாரிகள். வற் பதிவில்லாததால் அவர்கள் கட்டிய வரியை எங்கும் ஈடுசெய்ய முடியாது. அது முழுச் செலவாகவே நிற்கும். பதிவுக்கான எல்லை 2024 முதல் வருடம் 6 கோடி ரூபாய். அதை 3 கோடி 60 லட்சமாகக் குறைப்பதாக 2026 வரவு செலவுத் திட்டம் முன்மொழிந்தது.

இனி, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது எப்படித் தெரியும்? ஐரோப்பிய ஒன்றியம் 2015இலிருந்து நடத்தும் முறையைப் பார்த்தால் விளங்கும். அங்கே வாடிக்கையாளர் எந்த நாட்டவர் என்பதற்கு ஒன்றோடொன்று முரண்படாத இரண்டு சான்றுகள் வேண்டும்: பற்றுச்சீட்டு முகவரி, ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்புக்குரிய இலக்கம்), வங்கி விபரம், சிம் அட்டையின் நாட்டுக் குறியீடு, நிலையான தொலைபேசி இணைப்பு இருக்கும் இடம். இவற்றுள் எதையும் கம்பனி புதிதாகத் தேட வேண்டியதில்லை. உங்கள் அட்டையின் முதல் 6 அல்லது 8 இலக்கங்களே அது எந்த நாட்டு வங்கியின் அட்டை என்று சொல்லிவிடும். ஐபி முகவரி நாட்டைக் காட்டும். கைத்தொலைபேசி இணையத்தில் ஒரே முகவரியைப் பலர் பங்கிடுவதால் தெருவையோ வீட்டையோ அது காட்டாது. வரிக்கு நாடு தெரிந்தால் போதும், தெருவே தேவையில்லை.

விபிஎன் கேள்விக்கு வருவோம். அது உங்கள் இணைப்பை வேறொரு இடத்துக் கணினி வழியாகத் திருப்பிவிடும் கருவி. ஐபி சிங்கப்பூர் என்கிறது, அட்டை இலங்கை என்கிறது. இரண்டும் முரண். அப்போது கம்பனி என்ன செய்யும்? மூன்றாவது சான்று தேடும். தொலைபேசி இலக்கம் கேட்கும், முகவரி கேட்கும், சிலவேளை அடையாள ஆவணமும் கேட்கும். 1.80 டொலரை மறைக்கப் போய், கொடுக்கத் தேவையில்லாத விபரங்களையும் கொடுக்க நேரிடுகிறது. விபிஎன் நல்ல கருவிதான். விமான நிலையத்திலும் காப்பிக் கடையிலும் திறந்த வைஃபையில் வங்கி வேலை செய்பவர்கள் அதைப் பாவிப்பது நல்லது. வரி கட்டும் இடத்தில் அது உதவாது.

கனடாவிலுள்ள மாமாவின் கணக்கில் குடும்பமே படம் பார்க்கும் வீடுகளில் வரி எங்கே போகிறது என்று கேட்டால், மாமா ஒன்ராறியோவில் இருந்தால் அவர் அங்கே 13% கட்டிக்கொண்டிருக்கிறார்.

கொள்கை வகுப்பவர்களிடம் நாங்கள் வற்புறுத்துவது ஒன்றுதான். இலங்கையின் விதிகளில் எந்தெந்தச் சான்று போதும் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். எத்தனை வருடம் வைத்திருக்கலாம் என்றும் எழுத வேண்டும். ஐரோப்பாவில் இந்தப் பதிவுகளை 10 வருடம் வைத்திருக்கச் சொல்கிறார்கள், அது மிக நீண்ட காலம். யார் எந்தப் படத்தை எத்தனை மணிக்குப் பார்த்தார் என்பது எந்த வரிக் கணக்குக்கும் தேவையில்லை. விதி மௌனமாக இருந்தால், எதற்கும் இருக்கட்டும் என்று கம்பனி எல்லாவற்றையும் சேர்த்து வைக்கும்.

கேள்வி: சமையல் யூடியூப் நடத்துகிறேன். ‘அமெரிக்க வரித் தகவல்’ என்று ஒரு படிவம் நிரப்பச் சொல்கிறது. அமெரிக்காவுக்கு நான் ஏன் வரி கட்ட வேண்டும்? என் விபரத்தைக் கொடுப்பது பாதுகாப்பா?
– வாசகி, தெஹிவளை

பதில்: நிரப்புங்கள். நிரப்பாமல் விட்டால்தான் உங்களுக்கு நட்டம்.

2021 ஜூனிலிருந்து, அமெரிக்காவிலுள்ளவர்கள் உங்கள் காணொளியைப் பார்த்ததால் வரும் வருமானத்துக்கு மட்டும் அமெரிக்க வரி பிடிக்கப்படுகிறது. எந்தத் தகவலும் கொடுக்காத தனிநபர் கணக்கில், உலகம் முழுவதிலிருந்தும் வந்த மொத்த வருமானத்தில் 24% பிடிப்பார்கள். மாதம் 1,000 டொலர் வருகிறது, அதில் 100 டொலர் அமெரிக்கப் பார்வையாளரால் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். படிவம் இல்லை என்றால் 240 டொலர் போகும். படிவம் கொடுத்து ஒப்பந்தச் சலுகை கேட்காவிட்டால் 100 டொலரில் 30%, அதாவது 30 டொலர். இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் இடையே 2004இல் நடைமுறைக்கு வந்த இரட்டை வரி ஒப்பந்தத்தின் சலுகையைக் கேட்டால் 10%, அதாவது 10 டொலர்.

சலுகை கேட்க உங்கள் வரி இலக்கத்தைக் கொடுக்க வேண்டும். இலங்கையின் 9 இலக்க டின்தான் அது. தேசிய அடையாள அட்டை இலக்கத்தை அந்தப் பெட்டியில் போடாதீர்கள். படிவத்தின் பெயர் டபிள்யூ-8 பென் (W-8BEN). பெயர் உங்கள் டின் பதிவில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். ஒன்றில் தந்தையின் பெயர் முழுதாகவும் மற்றதில் முதலெழுத்தாகவும் இருந்தால் பரிசீலனை இழுபடும். நம்மவர் பெயர்களில் இது நடக்காத வீடில்லை. முகவரி குடியிருக்கும் முகவரியாக வேண்டும், தபால் பெட்டி இலக்கம் சரிவராது. கையெழுத்திட்ட வருடத்துக்குப் பிறகு மூன்றாவது வருட முடிவு வரை படிவம் செல்லுபடியாகும். அதற்குப் பின் புதுப்பிக்காவிட்டால் பழையபடி கூடப் பிடிப்பார்கள். நினைவூட்டல் ஒன்றைக் கைத்தொலைபேசியில் இப்போதே போட்டு வையுங்கள்.

பாதுகாப்பு என்று கேட்டீர்கள். இந்தப் படிவத்தை, யூடியூப் விளம்பரக் காசு வரும் உங்கள் அட்சென்ஸ் கணக்குக்குள் நுழைந்து, கொடுப்பனவு அமைப்புகள் பகுதியில் மட்டும் நிரப்புங்கள். ‘உங்கள் சானல் நிறுத்தப்படும், இணைத்துள்ள படிவத்தை நிரப்பி அனுப்புங்கள்’ என்று மின்னஞ்சல் வந்தால் அது மோசடி. அந்த இணைப்பைத் தொடாமல், நீங்களே முகவரியைத் தட்டச்சு செய்து கணக்குக்குள் போய்ப் பாருங்கள். அங்கே கேட்டிருந்தால்தான் உண்மை.

பிடித்த வரிக்கு, வருடம் முடிந்த பிறகு 1042-எஸ் என்ற சான்று வரும். அதைப் பத்திரப்படுத்துங்கள். இங்கே விபரத்திரட்டு நிரப்பும்போது வெளிநாட்டில் கட்டிய வரிக்கு வரவு கோரலாம். சான்று இல்லாவிட்டால் கோர முடியாது.

கேள்வி: சமூக ஊடகத்துக்கே ஒரு வரி போட்டால் அரசாங்கத்துக்கு இலகுவாகக் காசு சேராதா?
– பல்கலைக்கழக மாணவர், கொழும்பு 7

பதில்: உகண்டா போட்டுப் பார்த்தது. 2018 ஜூலை 1 முதல் வட்ஸ்அப், பேஸ்புக் போன்றவற்றைத் திறக்க ஒருவர் நாளுக்கு 200 ஷில்லிங் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் தொலைபேசி நிறுவனம் மறித்துவிடும். மக்கள் விபிஎன்னுக்குப் போனார்கள். சிலர் இணையத்தையே குறைத்துக்கொண்டார்கள். 2021 ஜூலையில் அதைக் கைவிட்டு, இணையத் தரவின் மீது 12% வரிக்கு மாறினார்கள்.

வருமானம் வரவில்லை என்பதைவிட எங்களுக்குக் கவலை தருவது அதன் உள்ளமைப்பு. ஒரு செயலிக்கு மட்டும் வரி போட வேண்டும் என்றால், யார் எந்தச் செயலியைத் திறக்கிறார் என்று இணைய நிறுவனம் ஒவ்வொரு இணைப்பையும் பார்த்துப் பிரிக்க வேண்டும். செய்தியைப் பூட்டி அனுப்பும் இன்றைய மறையாக்கத்தில் நீங்கள் எழுதிய செய்தி அவர்களுக்குத் தெரியாது. ஆனால் எந்தத் தளத்தோடு இணைகிறீர்கள் என்ற பெயர் இணைப்பின் தொடக்கத்தில் பெரும்பாலும் திறந்தே போகிறது. தளத்தின் பெயரைக் கொடுத்து அதன் முகவரியைக் கேட்கும் பெயர்த்தேடலும் அப்படியே. வரிக்காக அந்தப் பெயர்களைப் பிரிக்கும் கருவியைப் பொருத்தினால், நாளைக்கு அதையே தடைக்கும் கண்காணிப்புக்கும் பாவிக்கலாம். 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் சமூக ஊடகம் மறிக்கப்பட்ட நாடு இது. அப்போதெல்லாம் கொழும்பில் ஆட்கள் இலவச விபிஎன்களைக் கண்டபடி இறக்கினார்கள். இலவச விபிஎன் என்றால், தொலைபேசி நிறுவனத்துக்குத் தெரிந்தது முன்பின் தெரியாத ஒருவருக்குத் தெரியும், அவ்வளவுதான் மாற்றம். மக்களை அந்த இடத்துக்குத் தள்ளும் வரியை நாங்கள் எதிர்க்கிறோம்.

கேள்வி: வட்ஸ்அப் அழைப்பைவிடச் சாதாரண அழைப்புக்கு ஏன் வரி கூட?
– வாசகர், வத்தளை

பதில்: குரல் அழைப்புக்குத் தொலைத்தொடர்பு அறவீடு 15% உண்டு. இணையத் தரவின் மீதிருந்த 10% அறவீடு 2017 செப்டெம்பர் 1 முதல் நீக்கப்பட்டது. வட்ஸ்அப் அழைப்பு தரவுக் கணக்கில் போகிறது. வற் வரி இரண்டுக்கும் உண்டு.

கேள்வி: பிள்ளையின் ரியூஷன் நிலையத்தில் அவனுடைய பிறப்புச் சான்றிதழ், என் அடையாள அட்டை, கணவரின் தொழில், சம்பளம் எல்லாம் கேட்கிறார்கள். ‘வரித் திணைக்களத்துக்குக் காட்ட வேண்டும்’ என்கிறார்கள். உண்மையா?
– தாய், கொள்ளுப்பிட்டி

பதில்: உங்கள் கணவரின் சம்பளத்தை ரியூஷன் நிலையம் திணைக்களத்துக்குக் காட்ட வேண்டிய எந்தத் தேவையும் இல்லை. அது காட்ட வேண்டியது தன் வருமானத்தை: யாரிடமிருந்து, எந்தத் திகதியில், எவ்வளவு கட்டணம். பிள்ளையின் பெயரும் பற்றுச்சீட்டுத் தொகையும் அதற்குப் போதும். ‘வரிக்கு வேண்டும்’ என்று சொன்னால் ஆட்கள் பயந்து எல்லாவற்றையும் கொடுத்துவிடுவார்கள் என்று பல இடங்கள் கண்டுபிடித்திருக்கின்றன. இதைக் கேட்கும்போது உண்மையிலேயே மனம் கொதிக்கிறது.

அடையாள அட்டை இலக்கம் வெறும் இலக்கமல்ல. புதிய 12 இலக்கத்தில் முதல் நான்கு பிறந்த வருடம். அடுத்த மூன்று வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். பழைய அட்டையில் வருடம் இரண்டு இலக்கம், மற்றதெல்லாம் அதே முறை. ஆகவே இலக்கத்தைப் பார்த்தவருக்குப் பிறந்த திகதியும் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். தொலைபேசியில் பல சேவைகள் ‘நீங்கள்தானா’ என்று சரிபார்க்கக் கேட்பதும் இந்த இரண்டையும்தானே.

செய்ய வேண்டியது இது. எந்த விபரம், எதற்கு, எவ்வளவு காலம் என்று ஒரு தாளில் எழுதிக் கேளுங்கள். வாயால் கேட்டால் வாயாலேயே பதில் வரும். பிரதி கொடுத்தே ஆக வேண்டும் என்றால், அட்டையின் படத்துக்குக் குறுக்கே, எழுத்தை மறைக்காமல், ‘இன்ன நிலையத்தின் மாணவர் அனுமதிக்கு மட்டும்’ என்று திகதியுடன் பேனையால் எழுதுங்கள். வேறு இடத்தில் அதைக் காட்டி சிம் எடுப்பதோ கடன் எடுப்பதோ கடினமாகும். தேவையில்லாத பகுதிகளை வெறுமையாக விடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நமக்கு உரிமைகள் தருகிறது: என்ன விபரம் இருக்கிறது என்று பார்ப்பது, பிழையைத் திருத்துவது, சம்மதத்தை மீளப்பெறுவது, அழிக்கக் கேட்பது. 2022இல் நிறைவேறிய வாசகப்படி 21 வேலை நாள்களுக்குள் பதில் தர வேண்டும். மீறலுக்குத் தண்டம் ஒரு கோடி ரூபாய் வரை. தனியாருக்கு மட்டுமல்ல, அரச நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். முக்கியப் பகுதிகள் 2025 மார்ச் 18இல் நடைமுறைக்கு வர இருந்தன, அது தள்ளிப்போனது. பின்னர் 2025இல் ஒரு திருத்தமும் நிறைவேறியது. சட்டம் எழுத்தில் இருந்தும் பிள்ளைகளின் விபரங்கள் இத்தனை வருடம் காவலின்றிக் கிடந்ததை ஏற்றுக்கொள்ள முடியாது.

அழிக்கக் கேட்பதற்கும் ஓர் எல்லை உண்டு. விளம்பரக் குறுஞ்செய்தி அனுப்பும் பட்டியலில் இருந்து உங்கள் இலக்கத்தை நீக்கச் சொல்லலாம். கட்டணப் பற்றுச்சீட்டை அழிக்கச் சொல்ல முடியாது, வரிச் சட்டப்படி கணக்குப் பதிவுகளை அவர்கள் 5 வருடம் வைத்திருக்க வேண்டும். ‘வரிக்காக வைத்திருக்கிறோம்’ என்ற பதில் பற்றுச்சீட்டுக்குச் சரி, பிறப்புச் சான்றிதழுக்குப் பிழை.

கேள்வி: ‘உங்களுக்கு வரி மீளளிப்பு இருக்கிறது’ என்ற குறுஞ்செய்தியை அழுத்தி அட்டை இலக்கத்தைக் கொடுத்துவிட்டேன். என்ன செய்வது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கொட்டாஞ்சேனை

பதில்: இதை வாசித்து முடிக்க முன்னரே வங்கிக்கு அழைத்து அட்டையை முடக்குங்கள். அழைக்க வேண்டிய இலக்கம் அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும், குறுஞ்செய்தியில் உள்ளதற்கு அழைக்காதீர்கள். குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவெண்ணையும் (ஓடிபி) சொல்லியிருந்தால் அதையும் வங்கியிடம் மறைக்காமல் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்தில் கடவுச்சொல் ஏதும் கொடுத்திருந்தால், அதைப் பாவிக்கும் இடங்களில் எல்லாம் மாற்றுங்கள். குறுஞ்செய்தியைத் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷொட்) எடுத்து வைத்துவிட்டு, பொலிஸிலும், கணினி அவசர நிலைகளைக் கவனிக்கும் இலங்கை சேர்ட்டிலும் முறையிடுங்கள்.

அடுத்த முறை இணைப்பு வந்தால் முகவரியை வலமிருந்து இடமாக வாசியுங்கள். தொடக்கத்தில் இருக்கும் https:// ஐ விட்டுவிட்டு, அதன் பின் வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக நிற்பது ‘டொட் ஜிஓவி டொட் எல்கே’யாக (.gov.lk) இருக்க வேண்டும். இறைவரித் திணைக்களத்தைக் குறிக்கும் ஐஆர்டி என்ற எழுத்துகள் தொடக்கத்தில் இருப்பது ஒன்றுக்கும் சாட்சியல்ல, அதை யாரும் போடலாம்.

கேள்வி: தொழில்நுட்பக் கொள்கை ஆய்வாளராக வர விரும்புகிறேன். ஒரு சட்டமூலத்தை எப்படி வாசிப்பது?
– மாணவி, பம்பலப்பிட்டி

பதில்: முன்னுரையிலிருந்து தொடங்காதீர்கள். கடைசியில் இருக்கும் பொருள்கோடல் பிரிவிலிருந்து தொடங்குங்கள். ‘சேவை’, ‘தளம்’, ‘தனிப்பட்ட தரவு’ என்றால் என்ன என்று அங்கேதான் வரையறுத்திருப்பார்கள். ஒரு சொல்லின் வரையறை அகலமாக இருந்தால் சட்டமே அகலமாகிவிடும்.

பிறகு ஒரு தாளில் நான்கு நிரல் போடுங்கள்: எதன் மீது வரி அல்லது கட்டுப்பாடு, கடைசியில் யார் சுமக்கிறார், யார் வசூலிக்கிறார், அதற்காக யாருடைய எந்த விபரம் சேகரிக்கப்படுகிறது. முதல் மூன்றையும் பொருளியல் படித்தவர்கள் நன்றாக நிரப்புவார்கள். நான்காவது நிரலைப் பலர் வெறுமையாக விடுகிறார்கள், உங்கள் வேலை அங்கேதான் இருக்கிறது. அதற்குள் ஒவ்வொரு விபரத்துக்கும் பக்கத்தில், இது இல்லாமலே அந்த வரியை வசூலிக்க முடியுமா என்று எழுதுங்கள். முடியும் என்றால் அந்த விபரத்தை நீக்கச் சொல்லும் திருத்தத்தை நீங்களே வரைந்து பாருங்கள். குறை சொல்லும் பத்துப் பக்க அறிக்கையைவிட, மாற்றி எழுதிய ஒரு வாசகம், நாடாளுமன்றம் சட்டமூலத்தைப் பிரிவு பிரிவாக ஆராயும் குழுநிலையில் எடுபடும்.

வேகமும் வேண்டும். நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் 2023 செப்டெம்பர் 18இல் வர்த்தமானியில் வந்து, ஒக்டோபர் 3இல் நாடாளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டது. அதன் பிறகு உயர் நீதிமன்றம் போக இருந்தது சில நாள்கள் மட்டுமே. 2024 ஜனவரி 24இல் அது நிறைவேறியது. வர்த்தமானியை வாராவாரம் பார்க்காதவருக்கு இந்தக் கால அளவு போதாது.

தமிழில் படித்தவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை உண்டு. நம் சட்டங்களின் இறுதியில், சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையே முரண்பாடு இருந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று ஒரு பிரிவு இருக்கும். தமிழ் உரையை மட்டும் வாசித்துக் கருத்துச் சொன்னால் காலின் கீழ் நிலம் இல்லை. வரையறைப் பிரிவையும் தண்டப் பிரிவையும் மும்மொழியிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சொல்லுக்குச் சொல் ஒப்பிடுங்கள். ‘வேண்டும்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆகலாம்’ என்று இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். குழுநிலை விவாதம் முடிவதற்குள் அந்தக் குறிப்பைச் சட்டவரைஞருக்கும் உங்கள் மாவட்ட உறுப்பினருக்கும் எழுத்தில் அனுப்புங்கள்.